கயிறு அளந்த வான்வழி

சார்லஸ் லிண்ட்பர்க் அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெட்ராய்ட் நகரில் 1902ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் பிறந்தார். பொறியியல் பயிலப் புகுந்த இவருடைய உள்ளம் ஏட்டில் ஒன்றவில்லை. 1922இல் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, விமானம் ஓட்டக் கற்றார். பின்னர்ச் செயின்ட் லூயிஸ் நகருக்கும் சிகாகோவுக்கும் இடையே அஞ்சல் விமானியானார். இருளிலும் மூடுபனியிலும் பறந்து பழகிய அந்நாள்களே அவருக்கு உண்மைக் கல்வி தந்தன எனலாம்.

நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் இடையே எங்கும் இறங்காது பறப்பவர்க்கு 25,000 டாலர் பரிசளிப்பதாக, ரேமண்ட் ஆர்டெய்க் என்னும் விடுதியாளர் 1919இல் அறிவித்திருந்தார். 1927ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லிண்ட்பர்க் அம்முயற்சியில் இறங்கினார். சான் டியாகோ நகரில் ரயன் தொழிலகத்தார் அவருக்கென ஒரு விமானம் கட்ட இசைந்தனர். பொறியாளர் டொனால்ட் ஹால் முதலில் அறிய விரும்பியது இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவையே. தொலைவு தெரிந்தாலன்றி எரிபொருளின் அளவு தெரியாது. அது தெரியாமல் சிறகின் நீளத்தையும் துணிய இயலாது. இருவரும் நகரப் பொது நூலகத்திற்குச் சென்றனர். அங்கிருந்த நிலவுருண்டையின்மேல் ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்தனர். ஏறத்தாழ 3,600 மைல் என்பது புலனாயிற்று. மாபெருங் கடலைக் கடக்கும் விமானத்திற்கு அளவுகோலாய் அமைந்தது ஒரு கயிறு!

நிலப்படத்தில் ஒரு கோடு இழுத்தால் போதாதோ எனின், போதாது. உருண்டையான நிலத்தைத் தட்டைத் தாளில் விரிக்குங்கால், வடபால் நாடுகள் உள்ளதினும் அகன்று தோன்றும். ஆதலின் படத்தில் நேராகத் தோன்றும் வழி குறுகிய வழி அன்று. உருண்டைமேல் இறுகப் பிடித்த கயிறோ குறுகிய வழியைத் தானே பற்றிக்கொள்ளும். அவ்வழி நியூயார்க்கிலிருந்து வடகிழக்கே வளைந்து, நோவா ஸ்கோஷியா, நியூபவுண்ட்லாந்து ஆகியவற்றைக் கடந்து, அயர்லாந்தின் தென்மேற்கு மூலையைத் தொட்டுச் செல்லும். மாணாக்கர் வகுப்பிலுள்ள உருண்டையில் நூல் பிடித்து இதனைத் தாமே காணலாம்.

கயிற்றளவு தோராயமானதே. ஆகவே லிண்ட்பர்க் கடற்படங்களை வாங்கி, வழியை நூறு நூறு மைலாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் உரிய திசையைக் குறித்துக்கொண்டார். வானொலிக் கருவியையும் அவர் ஏற்றவில்லை. அந்த எடைக்கு எரிபொருள் கொள்வதே நன்று எனக் கருதினார். இதற்கிடையே, மே 8ஆம் நாள் பாரிசிலிருந்து எழுந்த பிரெஞ்சு வீரர் நங்கெசர், கோலி இருவரும் மீண்டிலர்.

மே 20ஆம் நாள் காலை 7.52 மணிக்கு லிண்ட்பர்க் ரூஸ்வெல்ட் விமானத்தளத்திலிருந்து தனியே எழுந்தார். முன்னிரவு அவர் உறங்கவில்லை. கடல்மீது சிறகிற் பனி உறைந்தது. அதனினும் கொடிய பகையாய் உறக்கம் வந்து வருத்தியது. குறித்தபடியே மணிதோறும் திசையைத் திருப்பிக்கொண்டே சென்றார். மறுநாள் அயர்லாந்தின் கரை தெரிந்தபொழுது, குறித்த வழியினின்று அவர் விலகியிருந்தது சில மைல்களே. அன்றிரவு பாரிசு நேரம் 10.22க்கு லெ பூர்ஜேயில் இறங்கினார். பறந்த காலம் முப்பத்து மூன்றரை மணி. கலத்தில் எரிபொருள் இன்னும் எஞ்சியிருந்தது.

பிற்காலத்தில் இவர் கொண்ட அரசியற் கருத்துகளைப் பலர் கடிந்தனர். 1974ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் ஒன்றாகிய மௌயியில் லிண்ட்பர்க் காலமானார்.