காற்றை அளந்த மாசன்

குழந்தைகளே! மலையடிவாரத்து ஊரில் என்றாவது இரவு தங்கியிருக்கிறீர்களா? சூரியன் மறைந்ததும் மலைச்சரிவு குளிர்ந்துவிடும். அதை ஒட்டியுள்ள காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீர் வடிவதுபோலப் பள்ளத்தாக்கில் இறங்கும். மலைக்காற்று என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது பெரும்பாலும் மெல்லத்தான் வீசும். ஆனால், குளிர்கால இரவு மாதக்கணக்கில் நீளும் அண்டார்க்டிகாவின் பனிப் பீடபூமியிலிருந்து வடிந்தால்?

அந்தக் காற்றின் வாசலிலேயே குடியிருந்து அளந்தவர் டக்ளஸ் மாசன். 1882-ல் இங்கிலாந்தில் பிறந்து, இரண்டு வயதிலேயே ஆஸ்திரேலியாவுக்குச் சென்றவர். அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்தார். ஆம், என்னைப்போல் வாத்தியார்தான்!

1912 ஜனவரியில் தம் குழுவினருடன் டெனிசன் முனையில் இறங்கி, மரக்குடில் அமைத்தார். இறங்கிய அன்று வானிலை நன்றாக இருந்தது. ஏமாந்துவிட்டார், பாவம்! அங்கே சரிவு பனிப் பீடபூமியிலிருந்து நேராகக் கடலில் இறங்குகிறது. குளிர்ந்த காற்று முழுவதும் அந்த வழியாகத்தான் பாய்கிறது.

குடிலுக்கு அருகில் இருந்த மேட்டில், சுழலும் கிண்ணங்கள் கொண்ட காற்றுமானியை நிறுத்தினார்கள். அதன் பதிவுத்தாளை மாற்ற மடிகன் என்பவர் தினமும் போக வேண்டும். காலணியில் இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டு, காற்றின்மீது சாய்ந்தபடி நடப்பார். சில நாள் தவழ்ந்தே போவார். 1912 மே மாதத்தின் சராசரி வேகமே மணிக்குச் சுமார் 97 கிலோமீட்டர்! மே 15 அன்று நாள் முழுவதும் சராசரியாக 145 கிலோமீட்டர். கடலோரத்தில் இப்படி ஒரு காற்றா என்று பிறகு பலரும் நம்ப மறுத்தார்கள். ஆனால் கையில் பதிவுத்தாள்கள் இருந்தனவே!

அந்த ஆண்டு நவம்பரில் மாசன், நின்னிஸ், மெர்ட்ஸ் மூவரும் நாய் வண்டிகளோடு ஆராயக் கிளம்பினர். டிசம்பர் 14-ல் நின்னிஸ் பனிப்பிளவில் விழுந்து மறைந்தார். உணவில் பெரும்பகுதியும் அவரோடு போயிற்று. குடிலோ 500 கிலோமீட்டர் தொலைவில்! ஜனவரியில் மெர்ட்ஸும் இறந்தார். தனியே நடந்த மாசனும் ஒரு பிளவில் விழுந்து, கயிற்றில் தொங்கினார். ஏறினார், மறுபடி சறுக்கினார், மீண்டும் ஏறினார்.

1913 பிப்ரவரி 8 அன்று குடிலை அடைந்தபோது, சில மணி நேரத்துக்கு முன்புதான் கப்பல் புறப்பட்டிருந்தது. கம்பியில்லாத் தந்தி மூலம் அழைத்ததும் திரும்பி வந்தது. ஆனால் படகை இறக்கக் காற்று விடவில்லை. காத்திருந்து பார்த்த கப்பல் போய்விட்டது.

தமக்காகக் குடிலில் காத்திருந்த ஆறு பேருடன் மாசன் இன்னொரு குளிர்காலத்தைக் கழித்தார். அதே காற்றை அப்போதும் அளந்தார்கள். அந்த டிசம்பரில்தான் கப்பல் வந்தது.

மாசன் 1958-ல் காலமானார். அந்த மரக்குடில் இன்றும் அதே காற்றில் நின்றுகொண்டிருக்கிறது.