சர் ராபர்ட் மக்காரிஸன்

மக்கள் வயிற்றினுள் அமைந்த குடல் ஓர் அரண் போல்வது. அதன் உட்புறத்தே எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றை உதிரத்திற் புகவொட்டாமற் காப்பது மெல்லியதோர் உட்டோலேயாம். அவ்வரண் உண்ணும் உணவினாலேயே நிலைபெறும் என்பதனை நம் நீலகிரியிலிருந்து ஆராய்ந்து உலகிற்கு உணர்த்திய பெரியார் சர் ராபர்ட் மக்காரிஸன் ஆவர். அவர்தம் வரலாற்றினை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் அயர்லாந்தின் வடபாலுள்ள போர்ட்டடௌன் என்னும் ஊரில் 1878-ஆம் ஆண்டு பிறந்தார். பெல்பாஸ்டில் மருத்துவங் கற்றுத் தேறி, 1901-இல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்தார். வடமேற்கு எல்லையிலுள்ள கில்கித்தில் மருத்துவராயிருந்த காலத்து, ஆண்டு மிக்கிருந்த தொண்டைக் கழலை நோயின் காரணத்தை ஆராயப் புகுந்து, நோய் மிகுந்த ஊரின் தண்ணீரை வடிகட்டி எஞ்சிய வண்டலைத் தாமும் பருகிச் சோதித்தார். தம்முடலையே ஆய்வுக்கு ஈந்த துணிவு போற்றத்தக்கது. அப்பக்கத்து ஹுன்ஸா மக்களிடையே குடல் நோய் அரிதாயிருத்தலைக் கண்ட அவர், தவிடு நீக்காத தானியமும், பாலும், காய்கனிகளுமாகிய அவர்தம் எளிய உணவே அதற்குக் காரணமென எண்ணினார்.

அவ்வெண்ணத்தை ஆய்ந்து தெளியும் வாய்ப்பு 1918-இல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது. உயர்ந்த வெப்பத்தில் அவித்து உயிர்ச்சத்து அழிந்த அரிசியைக் குரங்குகளுக்கு ஊட்டி வந்தார். அவற்றின் குடற்சுவர் மெலிந்தது; உட்டோல் புண்பட்டது; கழிச்சல் கண்டது; குடலிலிருந்த கிருமிகள் சுவரைக் கடந்து உதிரத்தினுட் புகுந்தன. வயிறு நிறைந்தும் உணவின் தரங் குறையின் அரண் சிதையும் என்பது இதனாற் புலனாயிற்று. இவ்வாராய்ச்சிகளை 1921-இல் நூலாக வெளியிட்டார்.

எனினும் இடையூறு விரைந்து வந்தது. அரசாங்கச் செலவைக் குறைக்கும் முயற்சியில் 1923-இல் அவ்வாராய்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் மனந்தளரவில்லை, 1925-இல் மீண்டும் தொடங்கினார். இந்நாட்டுப் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குத் தனித்தனியே அளித்து நிறுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவையுண்ட எலிகள் தலைநின்றன. தீட்டிய அரிசியே மிக்க சென்னை மாகாணத்து ஏழையர் உணவையுண்டவை கடைநின்றன. நம்மவர்க்கு இது நாணத்தையும் கவலையையும் ஒருங்கே தருவதாம். பள்ளி, கல்லூரி மாணவர் பொருட்டு உணவு பற்றிய சிறு நூலொன்றையும் 1928-இல் இயற்றினார். 1933-இல் சர் பட்டம் பெற்று, 1935-இல் ஓய்வுற்று, 1960-இல் ஆக்ஸ்போர்டில் மறைந்தார். அவர் வளர்த்த குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாய் விளங்குகின்றது.

அவர் கண்ட சிதைவு நிகழ்வதன் நுட்பம் பின்னரே விளங்கலாயிற்று. குடலின் உயிரணுக்களை இறுகப் பொருத்தும் புரதங்களுள் ஒக்ளூடின் 1993-இலும், கிளாடின் 1998-இலும் ஜப்பானிய அறிஞர் சுகிதாவின் குழுவினராற் கண்டறியப்பட்டன. கீரை, பருப்பு, தவிட்டோடு கூடிய தானியம் ஆகியவற்றின் நாரைக் குடல் நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்து ப்யூட்டிரேட் என்னும் அமிலத்தை ஆக்குகின்றன. அது குடலணுக்களுக்கு உணவாகி அப்பொருத்துக்களை உறுதிப்படுத்துகின்றது. ஆகவே நாம் உண்பது நமக்கு மட்டுமன்று, நம் அரணைக் காக்கும் அச்சிற்றுயிர்கட்கும் உணவாம்.

இவ்வரலாறு நமக்கு எற்றுக்கெனின், கூறுவாம். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நிறைந்துள்ள தொழிற்சாலைகளில் நம்மையொத்த வயதினர் பல்லாயிரவர், ஊர்விட்டு வந்து விடுதிகளில் தங்கி உழைக்கின்றனர். 2021 டிசம்பரில் அத்தொழிலாளர் விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டனர். கெட்ட உணவின் தீங்கு ஒரே இரவில் வெளிப்பட்டுவிடும். சத்தற்ற உணவின் தீங்கோ ஆண்டுக்கணக்கில் மறைந்து நின்று உடலை அரிக்கும். முன்னதைத் தடுத்தல் போலவே பின்னதைத் தடுத்தலும் விடுதி நடத்துவோர் கடனாம்.

நம்முள் நாளை ஆசிரியராகவும், மருத்துவராகவும், தொழிற்சாலை அதிகாரியாகவும் ஆவோர் பலர். பிறர் உண்ணுங் கலத்தில் என்ன இடப்படுகின்றது என்று கேட்கும் பொறுப்பினை அவர்கள் ஏற்பாராயின், அதுவே மக்காரிஸன் பெரியார்க்கு நாம் செய்யத்தகும் நன்றியாகும்.