ரப்பர் பட்டியில் ஓடிய கார்: ஹப் வான் டோர்னின் கதை

யட்டியாந்தோட்டையில் கார் வாங்க நினைக்கும் எவரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான். மெனுவலா, ஓட்டோவா? இந்தியாவிலிருந்து வந்த அல்ட்டோ என்றால் பெரும்பாலும் கிளட்ச் மிதித்துக் கியர் போட வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த வெகன் ஆர், விட்ஸ் என்றால் பெரும்பாலும் சி.வி.டி. இரண்டுக்கும் நடுவில், கியர்பொக்ஸ் பழைய மாதிரியே இருக்க, கிளட்ச் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் கணினி பார்த்துக்கொள்ளும் ஏ.ஜி.எஸ். ரகமும் உண்டு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதற்குள் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் உழைத்து, லீசிங் போட்டு முதல் கார் எடுக்கிற குடும்பத்துக்கு இது விளையாட்டுக் கேள்வியல்ல. கியர்பொக்ஸ் ஒன்று கெட்டால் கையிருப்பு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

அவிசாவளை - ஹட்டன் வீதியில் நீண்டகாலம் வாகனம் ஓட்டியவன் என்பதால் என்னிடமும் பலர் கேட்கிறார்கள். அவர்களில் பலர் முடிவோடுதான் வருகிறார்கள். ஓட்டோ கார் மலைக்குச் சரிப்படாது, அது பெண்களுக்கும் வயதானவர்களுக்கும்தான் என்பது அந்த முடிவு. அவர்களுக்கு நான் ஹப் வான் டோர்ன் என்பவரின் கதையைச் சொல்வதுண்டு. நெதர்லாந்தில் நன்கு அறியப்பட்ட பெயர் அது. டாஃப் லொறிகளின் பெயரில் வரும் முதலெழுத்து அவருடையதுதான். நம் வீதியில் ஓடும் சி.வி.டி. கார்கள் பலவற்றுக்குள் சுழலும் இரும்புப் பட்டியும் அவரிடமிருந்து வந்ததே.

ஹூபெர்ட் வான் டோர்ன் 1900 ஜனவரி 1ஆம் திகதி, நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாணத்தில் அமெரிக்கா என்ற பெயருடைய ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை கொல்லர். அவரைச் சிறு வயதிலேயே இழந்துவிட்டதால் ஹப் சீக்கிரமே வேலைக்குப் போக நேர்ந்தது. படித்துப் பட்டம் பெற்ற பொறியியலாளர் அல்ல அவர். இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஒட்டித்தான் தொழில் கற்றார்.

ஐன்தோவன் நகரில் ஒரு மதுபான ஆலையின் உரிமையாளரிடம் அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்ததில் அவருக்கு ஹப் மீது நம்பிக்கை பிறந்தது. பணம் கடனாகக் கொடுத்து, ஆலை வளவிலேயே இடமும் கொடுத்தார். 1928 ஏப்ரல் 1ஆம் திகதி, ஒரு சில தொழிலாளர்களோடு அங்கே ஒரு சிறிய பட்டறை திறக்கப்பட்டது. தம்பி விம் கணக்குவழக்கையும் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டார். 1930களின் மந்தத்தில் பட்டறை வேலைகள் குறைந்தபோது லொறிகளுக்குப் பின்னால் பூட்டும் டிரெயிலர்களைச் செய்யத் தொடங்கினார்கள். சட்டத்தை ஆணியடித்துப் பொருத்தாமல் வெல்டிங் செய்ததால் அவை எடை குறைவாகவும் உறுதியாகவும் இருந்தன. 1935இல், ஓர் இராணுவ அதிகாரியோடு சேர்ந்து, சாதாரண லொறியைச் சேற்றிலும் மேட்டிலும் ஏறக்கூடியதாக மாற்றும் பின்சக்கர அமைப்பு ஒன்றையும் உருவாக்கினார். போருக்குப் பிறகு, 1949இல், நிறுவனம் சொந்த லொறிகளைச் செய்தது.

கார் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் பெரிதானது. போர்க்காலத்தில் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய மூன்று சக்கரக் குட்டி வண்டி ஒன்றை ஹப் தனக்காகச் செய்து பார்த்திருந்தார். 1950களில் நெதர்லாந்துக் குடும்பங்கள் சைக்கிளிலிருந்து காருக்கு மாறத் தொடங்கின. அவர்களில் பலருக்கு முன்னே இருந்த தடை விலை மட்டுமல்ல. கிளட்சும் கியர்க்கம்பும் அவர்களைப் பயமுறுத்தின. அமெரிக்காவில் ஓட்டோமெட்டிக் கியர் அப்போதே வந்துவிட்டது. ஆனால் அது கனமானது, விலை கூடியது, எரிபொருளை அள்ளிக் குடிப்பது. பெரிய என்ஜினுக்குத்தான் அது தாங்கும். சின்னக் காருக்கு வேறு வழி தேவைப்பட்டது.

அந்த வழி பட்டறைகளிலேயே கிடந்தது. அந்தக் காலத்து இயந்திரங்கள் தோல் பட்டி, ரப்பர் பட்டிகளால் சுழன்றன. நம் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரே தண்டிலிருந்து பட்டி போட்டு ரோலர்களை ஓட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கப்பி பெரிதானால் ஒரு வேகம், சிறிதானால் இன்னொரு வேகம். இரண்டு கூம்புத் தட்டுகளை எதிரெதிரே வைத்து, அவற்றை நெருக்கியும் விலக்கியும் பட்டி ஓடும் விட்டத்தை மாற்றினால், கியர் என்று தனியாக எதுவும் தேவையில்லை. இந்தத் தத்துவம் ஹப்புக்கு முன்பே சில மோட்டார் சைக்கிள்களில் இருந்தது. பெருமளவில் விற்கும் ஒரு காரில் அதை நம்பத்தக்கதாக ஓட வைத்ததுதான் அவருடைய சாதனை. இதன் சிறிய வடிவத்தை இன்று யாரும் பார்க்கலாம். ஸ்கூட்டியின் இடதுபக்க மூடியைக் கழற்றினால், உள்ளே இரண்டு கப்பிகளும் ஒரு ரப்பர் பட்டியும் வேகம் கூடும்போது தானாகப் பிடிக்கும் கிளட்சும் இருக்கும்.

1958 பெப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் டாஃப் 600 அறிமுகமானது. இரண்டு சிலிண்டர், 590 சி.சி., காற்றால் குளிரும் என்ஜின். கிளட்ச் மிதி இல்லை. கம்பை முன்னே தள்ளினால் கார் முன்னே போகும், பின்னே இழுத்தால் பின்னே போகும். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பட்டி இருந்ததால், ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றது இழுக்கும். இந்த அமைப்புக்கு வேரியோமெட்டிக் என்று பெயர் வைத்தார்கள். அதே விகிதங்கள் பின்னோக்கியும் இருந்ததால், முன்னே போகும் அளவுக்குப் பின்னேயும் வேகமாகப் போகும் கார் என்று அது பேர்போனது. பிற்காலத்தில் தொலைக்காட்சிக்காக டாஃப் கார்களைப் பின்னோக்கி ஓட்டும் பந்தயங்களே நடந்தன.

கிண்டலும் அங்கேதான் தொடங்கியது. இலகுவாக ஓட்டலாம் என்பதாலேயே அதைப் பாட்டிமார் கார் என்று ஒதுக்கினார்கள். இன்று நம் ஊரில் கேட்கும் அதே பேச்சு. நிறுவனம் பதில் சொல்ல முயன்றது. வேரியோமெட்டிக் பூட்டிய கார்களைப் பந்தயங்களுக்கு அனுப்பியது. 1968இல் டெல்லி, பம்பாய் வழியாகச் சென்ற லண்டன் - சிட்னி நெடும்பயணப் போட்டியிலும் டாஃப் 55 ஓடியது. இருந்தும் பெயர் மாறவில்லை. லிம்பர்க்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, வேலையிழந்தோருக்காகப் போர்ன் என்ற ஊரில் கார்த் தொழிற்சாலை ஒன்றையும் டாஃப் திறந்தது. ஆனால் கார் பிரிவைத் தனியே தாங்க முடியாமல், 1975இல் அதன் பெரும்பங்கு வொல்வோவின் கைக்குப் போனது.

ஹப் அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே நிர்வாகத்திலிருந்து விலகியிருந்தார். ஆனால் பட்டியை அவர் விடவில்லை. தன் கண்டுபிடிப்பின் பலவீனம் எது என்று கிண்டல் செய்தவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ரப்பர் தேயும், இழுபடும், பெரிய என்ஜினின் பலத்தைத் தாங்காது. எனவே முதிய வயதில் ரப்பருக்குப் பதிலாக உருக்கைக் கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கான மெல்லிய உருக்குத் துண்டுகள், அவற்றைக் கோத்துப் பிடிக்கும் உருக்கு வளையங்கள். ரப்பர் பட்டி இழுத்து வேலை செய்யும், இதுவோ தள்ளி வேலை செய்யும். இதற்காகவே 1972இல் தனி நிறுவனம் உருவானது. 1979 மே மாதம், தன் 79ஆவது வயதில் ஹப் காலமானார். உருக்குப் பட்டியோடு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கார் எதையும் அவர் பார்க்கவில்லை. சுபாரு ஜஸ்டி 1987இல்தான் வந்தது. ஃபோர்ட் ஃபியெஸ்டா, ஃபியட் ஊனோ ஆகியவையும் அதையொட்டி வந்தன. அவருடைய நிறுவனத்தை 1995இல் பொஷ் வாங்கியது.

இந்தக் கதையைக் கேட்ட பிறகு மெனுவலா, ஓட்டோவா என்ற கேள்வியை நான் கொஞ்சம் மாற்றிக் கேட்கச் சொல்வேன். சி.வி.டி. மலையேறுமா என்று கேட்க வேண்டாம், ஏறும். அந்தப் பட்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்று கேளுங்கள். உருக்குப் பட்டி கப்பியில் வழுக்காமல் பிடிப்பது அதற்கென்றே உள்ள எண்ணெயால்தான். அது மாற்றப்பட்ட பற்றுச்சீட்டு இருக்கிறதா? கிடைத்த கியர் எண்ணெய் எதையாவது ஊற்றியிருக்கிறார்களா? கார் பழுதாகி, முன்சக்கரம் உருள நெடுந்தூரம் கயிறு கட்டி இழுக்கப்பட்டதா? இவற்றுக்கு நல்ல பதில் இல்லையென்றால், விலை குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களை விற்பவர்களும் சி.வி.டி. என்றுதான் சொல்வார்கள். அவற்றுக்குள் பட்டியே இல்லை, பல்சக்கரங்களும் மின்மோட்டார்களும்தான். அங்கே கேட்க வேண்டியது பெட்டரியைப் பற்றி.

நாளாந்தம் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் ஏறி இறங்குபவருக்கு மெனுவலே இன்னும் சிக்கனம். கிளட்ச் தட்டு தேய்ந்தால் நம் ஊர் கராஜிலேயே மாற்றிவிடலாம். பிள்ளைகளைப் பாடசாலைக்கும் அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக, வீட்டில் எல்லோரும் ஓட்டக்கூடிய கார் வேண்டுமென்றால், நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட சி.வி.டி.யை வாங்கத் தயங்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் வாங்குபவர் கற்றுக்கொள்ள வேண்டும். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல நோக்கி இறங்கும்போது கம்பை டி-யிலேயே விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வருகிறவர்கள் அதிகம். பிரேக் சூடேறி மணக்கும்போதுதான் பயப்படுவார்கள். மலை இறக்கத்தில் என்ஜினே காரைப் பிடிக்கட்டும் என்று டாஃப் கார்களின் டாஷ்போர்டில் ஹப்பின் ஆட்கள் தனியாக ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். மலையே இல்லாத நாட்டுக்காரர்கள் அதை நினைத்திருக்கிறார்கள். உங்கள் காரில் அதே வேலைக்கு எல், எஸ், பி என்று ஏதாவது ஒன்று இருக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள்.