இப்னு பதூதா கண்ட அச்சமற்ற நாடுகள்

ஹஜ் கடமையாவதற்கு உடல் நலமும் பொருள் வசதியும் மட்டும் போதா. செல்லும் வழியும் அச்சமற்றதாக இருத்தல் வேண்டும் என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் வகுத்துள்ளனர். இச்சட்டத்தைக் கற்றுத் தேர்ந்த 21 வயது இளைஞர் ஒருவர், 1325 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிலிருந்து தன்னந்தனியே புனித மக்காவை நோக்கிப் புறப்பட்டார். அவர்தாம் இப்னு பதூதா. 1304 இல் காஜிகளை ஈன்ற குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோரைப் பிரிந்த துயரத்தோடு சென்றவர், சுமார் 24 ஆண்டுகள் கழித்துத் தாயகம் மீண்டபோது அவ்விருவருமே உலகில் இல்லை.

வழியின் அச்சம் என்னவென்பதை அவர் தொடக்கத்திலேயே அறிந்தார். தூனிஸ் செல்லும் வழியில் கடுஞ்சுரம் கண்டு, கீழே விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு பிணைத்துக்கொண்டு பயணம் செய்தார். எகிப்திலிருந்து செங்கடலைக் கடந்து ஹிஜாஸ் செல்ல ஐதாப் துறைமுகத்தை அடைந்தபோது, அங்கே உள்ளூர்த் தலைவருக்கும் எகிப்தியப் படையினருக்கும் பூசல் மூண்டு மரக்கலங்கள் மூழ்கடிக்கப்பட்டிருந்தன. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. வந்த வழியே கெய்ரோவுக்குத் திரும்பி, திமிஷ்கு சென்று, ஹாஜிகளின் பெருங்கூட்டத்தோடு இணைந்து 1326 இல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். ஒருமுறை சென்ற வழியில் மறுமுறை செல்வதில்லை என்பதைத் தம் பயண நெறியாகக் கொண்டிருந்தவர், பாதுகாப்பின் பொருட்டு அந்நெறியையும் தளர்த்தினார் என்பது கருதத்தக்கது.

ஈராக், பாரசீகம், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கி ஆகிய நாடுகளைக் கண்டபின் அவர் டில்லியை அடைந்தார். சுல்தான் முகம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக அமர்த்திப் பொன்னும் பொருளும் வாரி வழங்கினார். ஆயினும் வள்ளன்மை நிறைந்த அவ்வரசவையைப் போல் அவரை நடுங்கச் செய்த இடம் வேறு சிலவே. சுல்தானின் சினத்திற்கு ஆளான ஓர் இறைநேசரைச் சந்தித்தார் என்பதற்காக இப்னு பதூதாவின்மீதே காவல் வைக்கப்பட்டது. நோன்பிலும் குர்ஆன் ஓதுதலிலும் அந்நாட்களைக் கழித்தார். விடுபட்டபின் உடைமைகளைத் துறந்து ஒரு துறவியின் பணிவிடையில் திங்கள் சில வாழ்ந்தார். சுல்தான் மீண்டும் அழைத்துத் தம் தூதராகச் சீனத்துக்கு அனுப்ப முன்வந்தபோது, டில்லியைவிட்டு நீங்க அதுவே வழியாயிற்று.

மலபார்க் கரை அவரை வியப்பில் ஆழ்த்தியது. அரை மைலுக்கு ஒன்றாக, வழிப்போக்கர் அமர்வதற்குப் பலகைகள் இட்ட மரக் கொட்டில்கள், குடிநீருக்குக் கிணறுகள். மரத்திலிருந்து உதிர்ந்த காயையும் உரியவரன்றிப் பிறர் தொடமாட்டார்கள். அதைக் காட்டிலும் அச்சமற்ற வழியைத் தாம் கண்டதில்லை என்று அவர் பதிந்துள்ளார். ஒரு காயைத் திருடியவனுக்கும் மரண தண்டனை என்பதே அதற்குக் காரணமாம்! அத்தகைய கடுமையால் வந்த அமைதியை எவ்வளவு போற்றலாம் என்பது வேறு கேள்வி.

நம் தமிழ் மக்கள் அறிய வேண்டிய பகுதி இதன் பின்னர் வருகிறது. மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றிவிட்டுப் புறப்பட்ட அவருடைய மரக்கலம், 1344 ஆம் ஆண்டளவில் காற்றின் போக்கால் இலங்கைக் கரையை அடைந்தது. அது ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிப் பகுதி. அவர் கொடியவர், வணிகர் அஞ்சும் மன்னர் எனக் கூறி மாலுமிகள் இறங்கவே தயங்கினர். இப்னு பதூதாவோ நேரில் சென்று கண்டார். பாரசீக மொழியறிந்த அம்மன்னர் அவரை அன்புடன் வரவேற்று, முத்துக்கள் அளித்து, அவர் பாவா ஆதம் மலையைக் காண விரும்பியபோது பல்லக்கும் வழித்துணைக்கு யோகியரையும் பிராமணரையும் உடன் அனுப்பினார். மாலுமிகளின் பாதுகாப்புக்கும் உறுதி தந்தார்.

அங்கிருந்து வந்து, சோழமண்டலக் கரையருகே மரக்கலம் உடைந்து மாபார் நாட்டில் கரையேறினார். மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் ஒரே மார்க்கத்தவர் மட்டுமல்லர். இப்னு பதூதாவின் மனைவியருள் ஒருவருடைய சகோதரியை மணந்த உறவினர். எனினும் போர்க் கைதிகளையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் அவர் கொன்றொழித்த கொடுமையைக் கண்டு இப்னு பதூதா உள்ளம் வெதும்பினார். அச்சுல்தானுக்கு விரைவில் மரணம் வந்ததற்கு அக்கொடுமையே காரணம் என்று ஒளிக்காமல் குறித்தார். உறவையும் மார்க்கத்தையும் காட்டி உண்மையை மறைக்காத இந்நேர்மையே அவர் நூலுக்குப் பெருமை சேர்ப்பது. மதுரையில் அந்நாளில் கொள்ளைநோய் பரவியிருந்தது. சுரம் கண்ட அவர், ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியைக் கரைத்துக் குடித்து நலம் பெற்றார்.

மேற்குக் கரைக் கடலில் கொள்ளையர் பன்னிரண்டு கலங்களில் வந்து சூழ்ந்தனர். இலங்கை மன்னர் அளித்த மணிகள் உட்பட அனைத்தும் பறிபோயின. உடுத்தியிருந்த காற்சட்டை ஒன்றே எஞ்சியது. கோழிக்கோட்டில் சட்ட அறிஞர் ஒருவர் ஆடையும், காஜி தலைப்பாகையும், வணிகர் ஒருவர் மேலாடையும் வழங்கினர்.

வழிப்போக்கருக்கு உலகிலேயே மிகப் பாதுகாப்பான நாடு சீனம் என்பது அவர் முடிவு. விடுதிதோறும் அதிகாரி ஒருவர் இரவில் தங்கியோர் பெயரை எழுதிக்கொண்டு கதவைப் பூட்டுவார். காலையில் சரிபார்த்து, துணையாளுடன் அடுத்த விடுதிக்கு அனுப்பி, அவர்கள் நலமே சேர்ந்ததற்கு எழுத்துச் சான்றும் பெறுவார். சீனத்தில் அவர் எதுவரை சென்றார் என்பதில் ஆய்வாளரிடையே ஐயம் உண்டு. அத்தனை பாதுகாப்பு இருந்தும் அந்நாடு அவர் மனத்துக்கு ஒட்டவில்லை. வெளியே செல்லவும் விருப்பமின்றிப் பெரும்பாலும் வீட்டிலேயே தங்கினார்.

1348 இல் கருங்கொள்ளைநோய் சிரியாவையும் எகிப்தையும் சூறையாடியபோது அவர் அந்நாடுகளின் வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தார். தாஞ்சியரை அடையுமுன்பே, தாயார் அந்நோய்க்கு இரையான செய்தி எட்டியது.

இறுதியாக 1352 இல் சகாராவைக் கடந்து மாலி நாட்டுக்குச் சென்றார். மன்னர் அளித்த எளிய விருந்துப் பொருளைக் கண்டு நகைத்தவர், அந்நாட்டு நீதியைக் கண்டு தலைவணங்கினார். அங்கே வழிப்போக்கருக்கும் குடிமக்களுக்கும் கள்வர் பயம் இல்லை. அயல்நாட்டார் ஒருவர் இறந்துவிட்டால் அவர் பொருளை அரசு கவர்ந்துகொள்ளாது. உரிய வாரிசு வரும்வரை நம்பிக்கைக்குரியவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். தொழுகையில் தவறாமையும் குர்ஆனை மனனம் செய்வதில் காட்டிய ஆர்வமும் அவரைக் கவர்ந்தன.

தாயகம் திரும்பியபின் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இப்னு ஜுஸை என்னும் அறிஞரிடம் தம் பயணங்களைச் சொல்லி எழுதுவித்தார். நூல் 1355 இல் நிறைவுற்றது. அதன்பின் மொராக்கோவில் ஓர் ஊரின் காஜியாக இருந்து, 1368 அல்லது 1369 இல் இறையடி சேர்ந்தார்.