மக்களிடமே திருப்பித் தந்த கலீஃபா

ஜும்ஆத் தொழுகைக்குச் செல்லும்போதெல்லாம், இரண்டாவது குத்பாவின் இறுதியில், நீதி செலுத்துமாறும் நன்மை புரியுமாறும் ஏவுகின்ற ‘அந்நஹ்ல்’ அத்தியாயத் திருவசனத்தை இமாம் அவர்கள் ஓதக் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் அதே இடத்தில், அதே மிம்பரின் மீது நின்று, ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை ஏசுகின்ற கொடிய வழக்கம் உமையா ஆட்சியில் இருந்து வந்தது. அதனை ஒழித்து, அவ்விடத்தில் இத்திருவசனத்தை ஓதச் செய்தவர் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களே என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

அன்னாரின் தாயார், இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மகனார் ஆஸிம் அவர்களுடைய புதல்வி. பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், கலீஃபா பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான் என்று கூறி மறுத்த ஏழைப் பெண்ணின் கதையை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பெண்ணைத்தான் உமர் (ரலி) அவர்கள் தம் மகனுக்கு மணமுடித்து வைத்தார்கள் என்றும், அவ்வழியில் வந்த பேரரே இவர் என்றும் கூறுவர்.

ஹிஜ்ரி 87ஆம் ஆண்டில் (கி.பி. 706) கலீஃபா வலீத் இவரை மதீனாவின் ஆளுநராக நியமித்தார். வந்து சேர்ந்ததும் இவர் செய்த முதற்பணி என்ன தெரியுமா? உர்வா இப்னு ஸுபைர், காஸிம் இப்னு முஹம்மத், ஸாலிம் இப்னு அப்துல்லாஹ் (ரஹ்) போன்ற மார்க்கச் சட்ட மேதைகள் பத்துப் பேரைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். அவர்களது கருத்தைக் கேளாமல் எதனையும் தீர்மானிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அத்துடன், தம் அதிகாரிகளில் எவரேனும் அநீதி இழைப்பதைக் கண்டாலோ கேட்டாலோ அதனைத் தமக்கு எட்டச் செய்வது அவர்கள் மீது கடமை என்று அல்லாஹ்வின் பெயரால் கேட்டுக்கொண்டார். ஆலோசனை கேட்கும் ஆட்சியாளர்கள் உலகில் பலர் உண்டு. என்னைப் பற்றி முறையிடாமல் இருந்துவிடாதீர்கள் என்று கெஞ்சுபவர் அரிது. இராக்கில் ஹஜ்ஜாஜின் கொடுமைக்குத் தப்பி ஓடி வந்தோர்க்கு அன்னார் மதீனாவில் புகலிடம் தந்தார். அதன் விளைவாகவே ஹிஜ்ரி 93இல் பதவியை இழந்தார்.

ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) கலீஃபா ஸுலைமான், ஹலப் நகருக்கு வடக்கேயுள்ள தாபிக் என்னும் ஊரில் மரணப் படுக்கையில் கிடந்தார். அறிஞர் ரஜா இப்னு ஹய்வா (ரஹ்) அவர்களின் யோசனைப்படி, உமர் அவர்களைத் தமக்குப் பின் கலீஃபாவாகவும், அவருக்குப் பின் தம் தம்பி யஸீதை வாரிசாகவும் எழுதி முத்திரையிட்டு வைத்தார். உறைக்குள் யார் பெயர் இருக்கிறது என்பதே தெரியாமல் உமையாக் குடும்பத்தினர் பைஅத் செய்தனர். ஸுலைமான் இறந்தபின் பள்ளிவாயிலில் ஏடு பிரிக்கப்பட்டது. பெயர் வாசிக்கப்பட்டபோது ஸுலைமானின் மற்றொரு தம்பியான ஹிஷாம் கொதித்தெழுந்தார். உமர் அவர்களோ கால்கள் தள்ளாட, பிறர் கைத்தாங்கலாக மிம்பருக்குக் கொண்டு வரப்பட்டார்கள்.

நேயர்களே, அங்கேதான் அந்த அற்புதம் நிகழ்ந்தது. தம்மைக் கேளாமலும், தாம் வேண்டாமலும், முஸ்லிம்களிடம் மஷ்வரா செய்யாமலும் இப்பொறுப்பு தம் தலையில் சுமத்தப்பட்டிருப்பதாக அன்னார் கூறினார்கள். தமக்காகச் செய்யப்பட்ட பைஅத்திலிருந்து மக்கள் அனைவரையும் விடுவித்துவிட்டதாகவும், தாங்கள் விரும்பும் ஒருவரை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். பள்ளிவாயில் அதிர, உம்மையே தேர்ந்தெடுத்தோம் என்று மக்கள் ஒரே குரலில் முழங்கினர். பரம்பரைச் சொத்தாகக் கைமாறி வந்த கிலாஃபத், ஒரு நாள், ஓர் ஊரில், மக்களின் வாயிலிருந்து பிறந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாக்குச்சாவடிக்குப் போவதையே சுமையாகக் கருதி வீட்டில் இருந்துவிடுபவர்கள் நம்மிடையே உண்டல்லவா, அவர்கள் இக்காட்சியைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

ஸுலைமானை அடக்கம் செய்துவிட்டு வந்து, இரவெல்லாம் விழித்த களைப்பில் சற்றுக் கண்ணயரச் சென்றார்கள். இளம் மகன் அப்துல் மலிக் குறுக்கே வந்தார். பறிக்கப்பட்ட உரிமைகளைத் திருப்பிக் கொடுக்காமலா உறங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். லுஹருக்குப் பின் செய்யலாம் என்றார்கள் தந்தை. லுஹர் வரை உயிரோடு இருப்பீர்கள் என்பதற்கு யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்டார் மகன். இப்படியொரு மகனைத் தந்த அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவர் நெற்றியில் முத்தமிட்டு, உறங்காமலே பணிக்குத் திரும்பினார்கள். உமையாக் குடும்பத்தினர் அபகரித்த நிலங்கள் உரியவர்களிடம் சென்றன. தம் சொந்த நிலங்களிலிருந்தே அதைத் தொடங்கினார்கள். மனைவி ஃபாத்திமா, கலீஃபா அப்துல் மலிக்கின் மகள். தந்தை அளித்த அருமையான ஆபரணத்தை அந்த அம்மையார் பைத்துல் மாலில் சேர்த்துவிட்டார்.

மெய்க்காவலர் தலைவர் அம்ரு இப்னு முஹாஜிரை அழைத்து, நான் நேர்வழியிலிருந்து சாய்வதைக் கண்டால் என் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று ஆணையிட்டார்கள். ஹஜ்ஜுக்குக் கூடிய மக்களுக்கு எழுதிய மடலில், அநீதியொன்றை நீக்கக் கோரியோ பொது நன்மைக்கான ஒரு செய்தியைக் கொண்டோ தம்மிடம் வருபவர்க்குப் பயணத் தொலைவுக்கேற்ப 100 முதல் 300 தீனார் வரை தரப்படும் என்று அறிவித்தார்கள். குறை சொல்ல வருபவனுக்கு வழிச்செலவும் கொடுத்த அரசு அது!

முஸ்லிம்களுக்கு மட்டும்தானா இந்த நீதி? தளபதி குதைபா வஞ்சகமாகத் தங்கள் நகரைப் பிடித்தார் என்று ஸமர்கந்த் மக்கள் முறையிட்டபோது, காழி ஒருவரை அமர்த்தி விசாரிக்கச் செய்தார்கள். முஸ்லிம் படை நகரைவிட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பானது. மீண்டும் ஒரு போர் வேண்டாமென்று ஸமர்கந்த் மக்களே கருதி, இருந்தபடியே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டனர்.

ஆயினும் ஒரு முடிச்சு அவிழாமலே இருந்தது. காரிஜிய்யாக்களின் தூதர் இருவர் வந்து, தகுதியற்றவர் என்று அறிந்தும் யஸீதை உமக்குப் பின் வாரிசாக எப்படி விட்டு வைக்கலாம் என்று வாதிட்டனர். அன்னாரிடம் அதற்கு விடையில்லை. சிந்திக்க மூன்று நாள் தவணை கேட்டார்கள். வாரிசுரிமை பறிபோகுமோ என்று அஞ்சிய உமையாக் குடும்பத்தினர் நஞ்சூட்டிவிட்டனர் என்று வரலாற்றாசிரியர் சிலர் எழுதுகின்றனர். தாபிக்கில் முழங்கிய மக்களாவது அந்த வினாவை முன்பே எழுப்பியிருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றுகிறது. நல்லவர் வந்துவிட்டார், இனி நமக்கென்ன வேலை என்று அவர்கள் வீடு திரும்பிவிட்டனர் போலும்.

இரண்டரை ஆண்டுகூட நிறையவில்லை. ஹிஜ்ரி 101 ரஜபில் (கி.பி. 720) தைர் ஸிம்ஆன் என்னும் ஊரில் அன்னார் மறைந்தார்கள். இறக்குமுன், தம் கப்ருக்கான இடத்தை அதன் உரிமையாளரான கிறிஸ்தவர் இலவசமாகவே தர முன்வந்தும் ஏற்காமல், விலை கொடுத்தே வாங்கினார்கள். பின்னர் யஸீத் அரியணை ஏறினார். அவரை ஏற்க மக்களிடம் எவரும் கேட்கவில்லை. மக்களும் எதையும் கேட்கவில்லை.