வாசன் கட்டிய வணிகம்

சுன்னாகத்தில் நா. பொன்னையா திருமகள் அழுத்தகத்தை நிறுவி, 1930 இல் ஈழகேசரி வார இதழைத் தொடங்கினார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1928 இல், சென்னையில் ஓர் இளைஞர் நின்றுபோன நகைச்சுவை இதழொன்றின் பெயரை விலைக்கு வாங்கியிருந்தார். ஒன்று தமிழ் இலக்கண நூல்களைப் பதிப்பிக்கும் பணிக்குச் சென்றது. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளுடன் தொல்காப்பியம் வெளிவந்தது அந்த அச்சகத்திலேதான். மற்றையது தென்னிந்தியாவின் மிகப்பெரிய பொழுதுபோக்கு நிறுவனமாக வளர்ந்தது. அந்த இளைஞர்தான் எஸ். எஸ். வாசன்.

தஞ்சை மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டியில் பிறந்த வாசன், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாயுடன் சென்னை வந்து சேர்ந்தவர், கல்லூரிப் படிப்பை முடிக்காமலே தொழிலில் இறங்கினார். இதழ்களுக்கு விளம்பரம் திரட்டிக் கொடுப்பதும், அஞ்சல் மூலம் பொருள் விற்பதும் அவருடைய முதல் முயற்சிகள். எந்தச் சொல் வாங்குபவரின் கையைப் பணப்பைக்கு அழைத்துச் செல்லும் என்பதை அவர் அங்கேதான் கற்றார். அவர் விளம்பரம் கொடுத்து வந்த ஆனந்த விகடன் நின்றபோது, எழுத்துக்கு இருபத்தைந்து ரூபா வீதம் எட்டு எழுத்துகளுக்கு இருநூறு ரூபா தந்து அப்பெயரை வாங்கினார் என்று இன்றும் சொல்லப்படுகிறது.

விகடன் வளர்ந்த விதத்தை ஆராய்வோர் கல்கியின் எழுத்தையும் மாலியின் சித்திரங்களையும் தேவனின் கதைகளையும் முதலில் கூறுவர். அது உண்மையே. ஆயினும் 1930களில் இதழின் விற்பனையை உயர்த்தியதில் பணப்பரிசு வைத்து நடத்தப்பட்ட குறுக்கெழுத்துப் போட்டிகளுக்கும் பெரும் பங்குண்டு. வாசன் குதிரைப் பந்தயத்திலும் ஈடுபாடு கொண்டவர். சூதின் சாயல் படிந்த எந்த வருவாயையும் விலக்க வேண்டும் என்ற ஒழுக்கத்தில் வளர்ந்த நம் முஸ்லிம் வாசகர்களுக்கு இது உறுத்தலாம், உறுத்துவதிலும் நியாயமுண்டு. பரிசு ஆசை காட்டி வாசகரைச் சேர்க்கும் வழி, இன்றைய தொலைக்காட்சி நிலையங்கள் கண்டுபிடித்ததன்று.

இதழிலிருந்து திரைக்குச் சென்ற பாதையும் திட்டமிட்டதே. வாசன் எழுதிய சதி லீலாவதி 1936 இல் படமாயிற்று, எம். ஜி. ஆர். முதன்முதலில் திரையில் தோன்றியது அதில்தான். பின்னர் அவர் படங்களை விநியோகிக்கும் தொழிலில் இறங்கினார். 1939 இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமிக்குக் கல்கி எழுதிய கதை, படத்தின் காட்சிகளோடு விகடனில் தொடராக வெளிவந்தது. படிப்பவர் பார்ப்பவராகவும், பார்ப்பவர் படிப்பவராகவும் மாறினர். ஒரே பொருளை இரு கடைகளில் விற்று, ஒரு கடையை மற்றதற்கு விளம்பரமாக்கும் இம்முறையே இன்றைய பெரும் ஊடக நிறுவனங்களின் அடிப்படைக் கணக்கு.

சுப்பிரமணியத்தின் படப்பிடிப்பு நிலையம் தீயில் சேதமுற்று ஏலத்துக்கு வந்தபோது வாசன் அதை வாங்கினார். அதுவே ஜெமினி ஸ்டூடியோ. கதை, இசை, காட்சியமைப்பு, படத்தைக் கழுவி அச்சிடுதல் என அனைத்தும் ஒரே வளவுக்குள் நடந்தன. கொத்தமங்கலம் சுப்பு போன்றோர் கதை இலாகாவில் மாதச் சம்பளத்துக்கு இருந்தனர். எழுத்தாளர் அசோகமித்திரன் அங்கே பல ஆண்டுகள் பணியாற்றி, பின்னாளில் அந்த அனுபவத்தை எழுத்தாக்கினார். கலைஞனுக்கு மாத இறுதியில் நிச்சயமான ஊதியம் கிடைத்தது பெரிய பாதுகாப்பு. ஆனால் எது கதை, எது கதையன்று என்று முடிவு செய்தவர் ஒருவரே.

அந்த ஒருவரின் துணிவுக்குச் சான்று சந்திரலேகா. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உருவான அப்படம் 1948 ஏப்ரலில் வெளிவந்தது. செலவு முப்பது இலட்சம் ரூபா அளவில் இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. சொத்துகள் அடகுக்குச் சென்றன. நண்பர்களிடம் கடன் பெறப்பட்டது. தமிழ்ப் பார்வையாளர் எத்துணை திரண்டாலும் அத்தொகையை மீட்க இயலாது. படம் தோற்றுவிட்டது என்று வேறொருவர் கையைக் கழுவியிருப்பார். வாசனோ சந்தையே சிறியது என்று கண்டார். அவ்வாண்டு டிசம்பரில் இந்தி வடிவத்தை வட இந்தியாவெங்கும் வெளியிட்டார். நூற்றுக்கணக்கான பிரதிகள், நாளிதழ்களில் பெரும் விளம்பரங்கள் என அவர் இறைத்த பணம் பன்மடங்காகத் திரும்பியது. முரசுகளின் மீது ஆடும் அந்த நடனத்தைக் காண மொழி தேவைப்படவில்லை.

அதன்பின் அதுவே ஜெமினியின் வழக்கமாயிற்று. அபூர்வ சகோதரர்கள் இந்தியில் நிஷான் ஆனது. வஞ்சிக்கோட்டை வாலிபன் ராஜ் திலக் ஆனது. திலீப் குமார் என்று அறியப்பட்ட யூசுப் கான் இன்சானியத், பைகாம் ஆகிய படங்களில் நடித்தார். பைகாம் 1960 இல் சிவாஜியின் இரும்புத்திரையாகத் தமிழுக்கு வந்தது. ஆலை முதலாளியையும் தொழிலாளரையும் பற்றிய அக்கதையை, ஊழியர் பலரைச் சம்பளத்துக்கு வைத்திருந்த ஒரு முதலாளி தயாரித்தது கவனிக்கத்தக்கது. இடையே 1953 இல், காதலை நம்பாமல், கே. பி. சுந்தராம்பாளைக் கொண்டு ஔவையாரையும் எடுத்து வெற்றி கண்டார்.

இந்த வணிகத்தின் மறுபக்கம் நம் தீவில்தான் தெளிவாகத் தெரிந்தது. பெருஞ்சந்தைக்காகச் செய்யப்பட்ட பொருள் சிறுசந்தைக்கு மலிவாக வந்திறங்கும். உள்ளூரில் செய்பவர் அதே விலையில் அதே பகட்டைத் தர முடியாது. ஈழகேசரி 1958 இல் நின்றது. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும் சென்னை இதழ்களோடும் படங்களோடும் போட்டியிட்டு இங்கே ஒரு தமிழ் ஏட்டையோ படத்தையோ நிலைநிறுத்துவது எத்துணை கடினம் என்பதை அக்காலத்து எழுத்தாளர் அனைவரும் அறிந்திருந்தனர். 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, அதுவரை இடமின்றித் தவித்த ஈழத்து நாவல்கள் திடீரெனப் பெருகியது தற்செயலன்று. வாசகரோ விகடனைக் காணாது வருந்தினர் என்பதும் உண்மை.

வாசன் 1964 இல் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானார். 1969 இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 26 ஆம் நாள் காலமானார். அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது. நடிகரின் ஊதியம் உயர்ந்தது. படப்பிடிப்பு நிலையத்தின் அதிகாரம் நடிகரின் கைக்கு மாறியது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நூற்றுக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு பெருஞ்சுமையாயிற்று. இதழ் அவர் மகன் பாலசுப்பிரமணியனின் பொறுப்பில் தழைத்தது, ஸ்டூடியோ மறைந்தது. 1973 இல் அதனருகே அமைந்த மேம்பாலத்துக்கு அரசு அண்ணாவின் பெயரைச் சூட்டியது. சென்னை மக்கள் அதை இன்னமும் ஜெமினி மேம்பாலம் என்றே அழைக்கின்றனர்.