சிங்கப்பெருமாள் கோவிலில் ஓய்ந்த குரல்

இந்துஸ்தானி இசை மேதை அப்துல் கரீம் கான் 1872ல் வடக்கே கைரானாவில் பிறந்தவர். 1913ல் அவருடைய ஆரிய சங்கீத வித்யாலயம் புணேயில் தொடங்கியது. மைசூர் அரண்மனையில் பாடப் போனவருக்குக் கர்நாடக சங்கீதத்திலும் பிடிப்பு உண்டாயிற்று. தியாகராஜர் கிருதியையே இசைத்தட்டில் பாடியிருக்கிறார்!

அவருடைய தட்டுகளைக் கேட்டுத் தரம் சொல்வது லேசான காரியமல்ல. பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். கச்சேரியில் ஒரு மணி நேரம் விரியும் ராகத்தை அதற்குள் அடக்க வேண்டும். விஸ்தாரத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சுருதியைத்தான் கவனிக்க வேண்டும். தம்புராவோடு இழைகிற அந்த மெல்லிய சாரீரம் ஸ்வரத்தில் வந்து நிற்கும் இடமே அவருடைய முத்திரை. 1905 வாக்கில் பதிவானவற்றில் வேகம் அதிகம். 1930களின் ஓடியன் தட்டுகளில் நிதானம். பின்னதே உசத்தி.

அவருடைய ஜிஞ்ஜோட்டி ராகத் தட்டைக் கேட்டுத்தான் சிறுவன் பீம்சேன் ஜோஷி குருவைத் தேடி வீட்டை விட்டு ஓடினார். அகப்பட்ட குரு, கானின் சீடர் சவாய் கந்தர்வர். அவர் பெயரால்தான் 1953 முதல் புணேயில் இசை விழா.

1937 அக்டோபர் 27. சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போகும்போது கானுக்கு நெஞ்சு வலித்தது. செங்கற்பட்டுக்கு முன்னால் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறக்கினார்கள். பிளாட்பாரத்திலேயே உயிர் பிரிந்தது. அடக்கம் செய்தது மீரஜ் தர்காவில்.